நீளம், அகலம், உயரம்

கார் விற்கிறவனிடம் கார் இருக்கும் என்று ஊரில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஷோரூமில் நின்று கால் கடுத்த உங்களுக்குத்தான் தெரியும், நாமெல்லாம் பஸ்ஸில் போகிறவர்கள். துபாய் தேராவில் நான் விற்றது ஒரு ஜப்பான் செடான். 2.4 லிட்டர் இஞ்சின், நான்கு சிலிண்டர், எழுபது லிட்டர் டேங்க் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். லைசென்ஸ் மட்டும் இல்லை. அது கிடைத்தால் வெளி விற்பனைக்குப் போட்டு, பெண்டாட்டி பிள்ளைக்கு விசாவும் எடுத்துத் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். மகளை ஆறு மாதக் குழந்தையாகப் பார்த்தது. லைசென்ஸ் வாங்கி ஒரேயடியாக அழைத்து வந்துவிடலாம் என்று லீவைத் தள்ளிப்போட்டே மூன்று வருடம் ஓடிவிட்டது.

பின்சீட்டில் ஓர் ஆள் குறைச்சல்

காரைக்கால்காரர் ஒருவர் மனைவி, இரண்டு பையன்களுடன் வந்தார். மச்சான் விசிட் விசாவில் வரப்போகிறாராம். பின்சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்கார முடியுமா என்று சந்தேகம். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று நானே பையன்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் டிக்கியைத் திறந்து பார்த்துப் பேசி முடிப்பதற்குள் சின்னவன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

மெதுவாக நகரப் பார்த்தேன். அவன் அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சொன்னார்: "கொஞ்ச நேரம் அப்படியே இருங்கண்ணே, இப்ப முழிச்சா ஊரைக் கூட்டிடுவான்."

ரோடு டெஸ்ட்

இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை போனேன். டெஸ்ட் வண்டியும் அதே செடான்தான். பக்கத்து சீட்டில் அதிகாரி, பின்சீட்டில் முறைக்குக் காத்திருக்கும் இரண்டு பேர். பதற்றத்தில் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது: "சார், ஸ்டியரிங் எவ்வளவு லேசா இருக்கு பாருங்க..."

வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்தே பேசிப் பழகியவன் நான். கண்ணாடியைப் பார்க்காமல் அதிகாரி முகத்தைப் பார்த்தபடி லேன் மாறினேன். பின்னால் லாரி அலறியது. அவர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, அரைகுறை இந்தியில் சொன்னது இதுதான்: "நான் கார் வாங்க வரலை, பாய். கலாஸ், முடிஞ்சுது, பின்னாடி போய் உட்காரு."

வெள்ளிக்கிழமை போன்

அந்த வாரம் போன் கார்டு போட்டு வீட்டுக்குப் பேசினேன். ஃபெயிலானதைச் சொல்ல வாய் வரவில்லை. புது மாடல் வந்திருக்கிறது, நீளம் நாலே முக்கால் மீட்டருக்கு மேல், அகலமும் கூட்டியிருக்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கார்டு தீரப்போகும் சத்தம் கேட்டது. மனைவி சொன்னாள்: "ஃபெயிலாயிட்டீங்கன்னு தெரியுது, விடுங்க. மூணு வருஷமா அந்தக் காரோட அளவெல்லாம் சொல்றீங்களே, பாப்பா எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கான்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

இன்னொரு கார்டு வாங்கிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், மூன்றடி இரண்டு அங்குலமாம்; நான் மனப்பாடம் செய்த அளவுகளில் என் வீட்டைச் சேர்ந்தது அது ஒன்றுதான்.