பூ கொடுத்ததற்குச் சாட்சிப் படம்

மன்னாரில் இருக்கும் எங்கள் பூக்கடையை இணையத்தில் போடுவோம் என்று தம்பி சொன்னபோது நான் தொலைபேசியிலேயே சிரித்துவிட்டேன். அவன் கனடாவில் இருந்தான். நான் இங்கே டவுனில் மலர்வளையம் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நனைத்து வைத்த குரோட்டன் இலையைக் கழுதை தின்றுவிட்டுப் போகிற ஊர் இது. இதற்கு இணையம் ஒரு கேடா என்றேன். அவன் கேட்கிற ஆளா? ஒரு கிழமையில் தளத்தைச் செய்து, எங்கேயோ பிடித்த சிவப்பு ரோசாப் படங்களை வரிசையாகப் போட்டுவிட்டான். நல்லாய் ஏசினேன். பிறகு அவற்றை எடுத்துவிட்டு என்னால் செய்யக்கூடியதைப் போட்டான்: அந்தூரியம், அரளி, கடதாசிப் பூ. அந்தூரியம் தெற்கிலிருந்து வரவேண்டும். மதவாச்சிச் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து குத்திக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். பாதி வாடித்தான் என் கைக்கு வரும்.

பிறந்தநாளுக்கும் கலியாணத்துக்கும் என்றுதான் தொடங்கினோம். சண்டை திரும்பவும் மூண்டிருந்த காலம் அது. காலையில் நெற் கபேக்குப் போய் மின்னஞ்சலைத் திறந்தால் முக்கால்வாசியும் மலர்வளையம் கேட்டுத்தான் இருக்கும். எங்கள் பக்கத்தில் வளையத்துக்குக் குறுக்கே ஒரு நாடா கட்டுவோம். யார் வைக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும். செத்தவீட்டுக்கு வரமுடியாத பிள்ளைகளுக்கு அந்த நாடாதான் வேண்டும். சவப்பெட்டிக்கு மேலே தங்கள் பெயராவது கிடக்கட்டும் என்று லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் எழுதுவார்கள். கொடுத்ததற்குச் சாட்சியாக ஒரு படம் எடுத்து அனுப்பவேண்டும் என்பது தம்பி போட்ட சட்டம். உயிரோடு இருப்பவர் என்றால் பூவைக் கையில் பிடித்தபடி இருக்கவேண்டும்.

பக்கத்துக் கிராமமான தாழ்வுபாட்டில் ஒரு தாய்க்கு ஒருநாள் நெஞ்சுநோ வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து நிமிடப் பாதை. அன்று பார்த்துத் தெருவில் குண்டு வெடித்து, பாதையை மூடிவிட்டார்கள். மகன் சோதனைச் சாவடியில் கெஞ்சிக்கொண்டு நிற்க, அவவுக்கு ஆட்டோவுக்குள்ளேயே சீவன் போய்விட்டது. மகன் கடற்தொழிலாளி. அவர் கேட்டபடி வளையம் கட்டி நானே கொண்டுபோய்ப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு வந்தேன்.

ஒன்பது நாள் கழித்து ஜெர்மனியிலிருந்து ஓர் ஓடர் வந்தது. விலாசத்தை இரண்டு தரம் வாசித்தேன். அதே வீடு. மகள் தன் தாயின் பிறந்தநாளுக்குப் பூங்கொத்துக் கேட்டிருந்தாள். பேரப்பிள்ளை வரப்போகுது, உடம்பைக் கவனமாய்ப் பாருங்கோ அம்மா என்று வாழ்த்தும் எழுதியிருந்தாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு தாழ்வுபாட்டுக்கு ஓடினேன். மகன் வலையைக் கீழே வைத்துவிட்டு என்னை முற்றத்து மூலைக்குக் கூட்டிப்போனார்.

"அக்கா, அவளுக்கு எட்டு மாசம். முந்தி ரெண்டு தரம் கலைஞ்சது. இப்ப சொன்னா இதையும் துலைச்சிடுவாள். பிள்ளை பிறந்தாப் பிறகு நானே சொல்லுறன்."

அம்மா ஏன் கதைக்கிறா இல்லை என்று அவள் கேட்டதற்கு, லைன் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். எங்கள் ஊர் லைனை யாரும் நம்பலாம், அது எந்த நாளும் சரியில்லைதான். ஆனால் படம் கேட்பாளே என்றேன் நான். அதற்கு வந்த யோசனையும் என்னுடையதுதான், வேறு யார் மேலும் பழி போட மாட்டேன். செத்த தாயின் தங்கச்சி அதே வீட்டில் இருந்தா. அதே முகவெட்டு.

தமக்கையின் சேலையை அலுமாரியில் இருந்து எடுத்து அவவுக்கு உடுத்தினோம். வாசலில் கதிரை போட்டு, வெளிச்சம் முதுகுப் பக்கம் விழ, முகத்தைக் கொஞ்சம் திருப்பி இருத்தினேன். பூங்கொத்தை மடியில் வைத்தேன். அவ அந்தூரியத் தண்டுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டா. கொஞ்சம் சிரியுங்கோ அன்ரி என்றேன்.

"எந்த வாயாலை பிள்ளை சிரிக்கிறது?"

எனக்கு வந்ததே ஒரு கோபம். அவ மேல் இல்லை, என் மேல். ஆனால் வாய் அவ மேல்தான் பாய்ந்தது. அப்ப அழாமலாவது இருங்கோ, கண் வீங்கினால் படத்தில் தெரியும் என்றேன். அவ உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தா. மூன்று படம் எடுத்தேன், ஒன்று சரியாக வந்தது.

அடுத்தநாள் மகளின் பதில் வந்தது. அம்மா நல்லாய் மெலிந்துபோனா, என்னை நினைத்து ஏங்குறா போல என்று எழுதி, எனக்கு நன்றியும் சொல்லியிருந்தாள். அன்று முழுவதும் நான் ஒரு வாய்ச் சோறு தின்னவில்லை.

பெண்பிள்ளை பிறந்தது, சுகமாகப் பிறந்தது. சொன்னபடி தமையன் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டார் என்று அறிந்தபோது, இனி என்னைத் திட்டித் தீர்க்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும், எனக்குத் தகும் என்றும் நினைத்தேன். இரண்டு கிழமை கழித்து ஒரேயொரு வரி எழுதியிருந்தாள்.

"அக்கா, அம்மான்ரை பெட்டிக்கு மேலை என்ரை பேர் கிடந்ததோ?"

நெற் கபேயில் நான் காசு கட்டிய நேரம் முழுவதும் அந்த ஒரு வரியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஓம் என்று எழுதியிருக்கலாம். ஏற்கெனவே ஒரு பொய்யைப் படமாகவே எடுத்து அனுப்பியவளுக்கு இன்னொன்று பாரமா? பெட்டி மண்ணுக்குள் போய் மாதங்கள் ஆகிவிட்டன, யார் தோண்டிப் பார்க்கப்போகிறார்கள்?

அந்த நாடாவை எழுதியவள் நான். அன்பு மகன், மருமகள் என்று மட்டும்தான் எழுதினேன். வெளியில் ஒரு மகள் இருப்பது தாழ்வுபாட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வரமுடியாத பிள்ளைகளின் பெயரை நாடாவில் எழுதிப் பெட்டிக்கு மேலே வைப்பதுதான் என் பிழைப்பு. அவளிடம் சொல்லாமலே அவள் பெயரையும் எழுதியிருக்கலாம். யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. ஓடர் வரவில்லை, அதனால் எனக்குத் தோன்றவில்லை.

இல்லைத் தங்கச்சி, கிடக்கவில்லை என்று எழுதி அனுப்பினேன்.