மஞ்சள் லைட் எரிந்தால் விருதுநகர்

எந்த பிக்கப் வாங்கலாம் என்று ஏழாயிரம்பண்ணையில் யாரும் இந்த முனியராஜிடம் கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைக்கு அவர்கள் வேலை கெட்டது. என்னுடையது பதினாறு வருடத்துப் பழைய வண்டி. காலையில் ஹீட்டர் பிளக் சூடாகிற வரைக்கும் அதைக் கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். புகை தள்ளும், நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டும், ஹெட் கேஸ்கட் இரண்டு தடவை போயிருக்கிறது. ஆனால் எது போனாலும் ஸ்பானரை எடுத்து நானே சரி பண்ணிவிடுவேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதனால்தான் ஜெயசுந்தர் புது வண்டி எடுத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நானும் அவனும் இங்குள்ள பட்டாசுக் கம்பெனிகளுக்கு வெறும் அட்டைப்பெட்டி லோடு அடிக்கிறவர்கள். அவனைப் போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. ஹார்ன் அடிக்கவே கூச்சப்படுகிற டிரைவர். அவன் மனைவி ஞானஜோதி வெம்பக்கோட்டைப் பக்கம் நர்ஸாக இருக்கிறாள். கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் அவளை அவன் வெளியே கூட்டிப் போனது ஒரே ஒரு தடவை, குற்றாலத்துக்கு. அதுவும் தன் அம்மா, அப்பா, இரண்டு தங்கச்சிகளோடு. இதை வருடத்துக்கு ஒரு தடவையாவது என் மனைவி வீரலட்சுமியிடம் சொல்லி ஞானஜோதி சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஏக்கம் இருக்கும்.

புது வண்டி இழுவையில் என் வண்டியைத் தூக்கிச் சாப்பிட்டது. ஒத்துக்கொள்கிறேன். சத்தமில்லை, புகையில்லை, டீசலும் குறைவு. ஆனால் மூன்றாம் மாதமே மீட்டரில் ஒரு மஞ்சள் லைட் எரிந்தது. மறுவாரம் நாற்பதுக்கு மேல் போக மாட்டேன் என்று வண்டி முரண்டு பிடித்தது. அதுவும் தீபாவளி சீசன் நேரத்தில்.

"கம்ப்யூட்டர் வச்ச வண்டி வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேம்லலே!" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இருவருமாக நாற்பதிலேயே உருட்டிக்கொண்டு சாத்தூருக்குப் போனோம். மெக்கானிக் சத்தியநாதன் வண்டியில் ஒரு மெஷினைச் சொருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இஞ்சின்ல ஒண்ணுமில்லண்ணே. சைலன்சர்ல புகைக்கரியப் பிடிக்க ஒரு ஃபில்டர் இருக்கு. அரை மணி நேரம் ஒரே வேகத்துல ஓடுனாத்தான் சூடாகி, அந்தக் கரிய அதுவே எரிச்சுக்கிடும். நீங்க அஞ்சு கிலோமீட்டர் போயி கேட் வாசல்ல ஆஃப் பண்ணிருறீக. பெறகு அது எப்ப எரிக்கும்?"

உண்மைதான். பட்டாசுக் கம்பெனி கேட்டுக்கு வெளியிலேயே இஞ்சினை நிறுத்திவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் நல்ல டிரைவருக்கு அதுதான் முதல் லட்சணம். அந்த லட்சணத்தாலேயே புது இஞ்சினுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. என் வண்டியில் ஃபில்டரே கிடையாது. கரியெல்லாம் பின்னால் வருகிறவர் முகத்துக்குப் போய்விடும்.

"மஞ்ச லைட் எரிஞ்சா, லோடு இல்லாத நாளாப் பாத்து நாலுவழிச் சாலையில ஒரு விரட்டு விரட்டிட்டு வாங்க" என்றார் சத்தியநாதன்.

ஞாயிற்றுக்கிழமை வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப ஜெயசுந்தருக்குக் கூச்சம். எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அதனால் ஞானஜோதியிடம், "விருதுநகர் வரைக்கும் போயிட்டு வருவமா?" என்று கேட்டிருக்கிறான். காரணத்தைச் சொல்லவில்லை. அவள் பட்டுச்சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததைத் தெருவே பார்த்தது. விருதுநகரில் எண்ணெய் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது லைட் அணைந்திருந்தது. ஞானஜோதி வேதக்கோயில் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினாள்.

பிறகு பத்து நாளைக்கு ஒரு தடவை லைட் எரியும், ஞாயிற்றுக்கிழமை ஜோடி கிளம்பும். என் வீட்டில்தான் புகைந்தது.

"அவுகளும் டிரைவர்தான், நீங்களும் டிரைவர்தான்" என்று ஒருநாள் ஞானஜோதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வீரலட்சுமி ஆரம்பித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் எங்க பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறான்? சைலன்சர் கரிய எரிக்கப் போறான்! ஜோதி தங்கச்சி சும்மா கூடப் போகுது!"

நுணலும் தன் வாயால் கெடும். ஞானஜோதியின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "அப்படியாண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த ஞாயிறு லைட் எரிந்தது. "நீங்க போயி எரிச்சிட்டு வாங்க" என்று அவள் வீட்டிலேயே இருந்துகொண்டாள். தனியாகப் போனவன் அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டான். சாத்தூரைக்கூடத் தொடவில்லை. லைட் எரிந்தபடியே இருந்தது.

"பாதியில திரும்புனா இன்னும்ல அடைக்கும்" என்றேன்.

"பக்கத்து சீட்டு காலியாக் கெடக்குலே. ஓட்ட முடியல" என்றான்.

என் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது எனக்கு.

அந்த வாரம் சனிக்கிழமை விடியற்காலையில் அவன் தனியாக விருதுநகரைத் தாண்டிக் கள்ளிக்குடி வரை போய், கரியை எரித்துவிட்டு வந்தான். மறுநாள் வேதக்கோயில் ஆராதனை முடிந்ததும் அவன் வீட்டு வாசலில் வண்டி நின்றது.

"ஜோதி, வந்து பாரு. லைட் எரியல" என்றான்.

"உங்கள நம்ப மாட்டேன்" என்றாள் ஞானஜோதி. "முனியராஜண்ணே வந்து சொல்லட்டும். இந்த வண்டியில கொறை கண்டுபிடிக்க அவுகளுக்குத்தான் அம்புட்டு ஆசை."

போனேன். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எல்லா லைட்டும் எரிந்தன. "அந்தா எரியுதே!" என்றாள். ஸ்டார்ட் செய்தேன், எல்லாம் அணைந்தன. ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தேன், இஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு வருடமாக எந்த வாயால் அந்த வண்டியைக் கரித்துக் கொட்டினேனோ, அதே வாயால் தெருவே கேட்கச் சொன்னேன்: "ஒரு கொறையும் இல்ல தங்கச்சி. இன்னும் பத்து நாளைக்கு இது எங்கயும் போக வேண்டியதில்ல."

ஞானஜோதி அவனைப் பார்த்தாள். "பெறகு என்னத்துக்குக் கூப்பிடுறீக?"

ஹார்ன் அடிக்கக் கூச்சப்படுகிறவன், அத்தனை பேர் முன்னால் சொன்னான்: "நீ பக்கத்துல உக்காந்து வரணும்னு."

அவள் உள்ளே போய்விட்டாள். பத்து நிமிடம் கழித்துப் பட்டுச்சேலையோடு வெளியே வந்தாள்.

"பூ இல்ல" என்று ஏறி உட்கார்ந்தாள். "விருதுநகர்ல வாங்கித் தாங்க."