மாட்டுப் பொடியும் வெள்ளை எலியும்

ஐம்பதுகளில், மாட்டுத் தீவனத்தில் கலக்கும் தாது உப்புப் பொடியை ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்தேன். எல்லையோரப் பாகலூரில் ஒரு பால்காரர். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளை எலி. மாட்டோடு தெலுங்கு, எலியோடு கன்னடம், என்னோடு தமிழ்.

பொடியின் பெருமையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மாடு திங்கட்டுங்க. தொட்டியில இவனும் வாய் வெப்பான். இவனுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?"

எலியைப் பற்றிக் கம்பெனியில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வியாபாரம் கெட்டுவிடுமே என்று, "மனுஷனே சாப்பிடலாங்க" என்றேன்.

"அப்படீங்களா" என்று உள்ளே போய் ஒரு கரண்டி கொண்டுவந்தார்.

சாப்பிட்டேன். சுண்ணாம்பும் துருப்பிடித்த ஆணியும் சேர்ந்த ருசி. அவர் எலிக்குப் பொட்டுக்கடலை ஊட்டியபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கூடக் காட்டினேன்.

"ஒரு மூட்டை எறக்குங்க" என்றார். பிறகு எலி இருந்த சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "மாடு தின்னு முடிக்கறவரைக்கும் இவன் இங்கியே இருக்கட்டும். உங்க மூஞ்சி சரியில்லீங்க."

இன்றும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் தேடுகிறேன், அந்த மனிதர் எதைக் கண்டாரென்று.