புள்ளி வைத்த எழுத்தும் குடும்பப் பெயரும்

திருநகரில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே வீட்டுக்காரர் வீட்டில் மிளகாய் தாளித்தால் மேலே எட்டுப் பேரும் தும்முவோம். வெளிநாட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் கணினியில் வரும். தலைப்பு எது, எழுதியவர் யார், பத்தி எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் டேக் என்கிற அடையாளத்தைப் போடுவதுதான் வேலை. நான் பன்னிரண்டாவது வரை படித்தவன். காலையில் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து, யாரிடமும் பேசாமல் டேக் போட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பிப் போவேன்.

ஒரு பதிப்பகம் தன் பழைய கட்டுரைகளை எல்லாம் புது அமைப்புக்கு மாற்றித் தரச் சொன்னது. கையால் மாற்றினால் வருடக்கணக்காகும். அதற்குத்தான் ஸ்டைல்ஷீட். ‘பழைய கோப்பில் இந்தப் பெட்டியில் இருப்பதை எடு, புதுக் கோப்பில் அந்தப் பெட்டியில் வை’ என்று எழுதி வைக்கும் கட்டளைகள். ஒரு தடவை எழுதிவிட்டால் எத்தனை கோப்பானாலும் அதுவே மாற்றிவிடும். மற்றவர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் நான் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டிருந்தேன். பேசாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் ரொம்பப் பிடித்திருந்தது. மேற்பார்வையாளர் அதைக் கவனித்திருக்கிறார்.

“மாப்ள, நீயே எழுது. மாதிரிக்கு இருநூறு கட்டுரை. அவங்க சரின்னுட்டா ஸ்டைல்ஷீட் எழுதற சீட்டு ஒனக்கு. இல்லேன்னா மறுபடி டேக்குதான்.”

“சரிண்ணே” என்றேன்.

எல்லாம் எளிதாகப் போனது, எழுதியவர் பெயர் வரும்வரை. பழைய அமைப்பில் புள்ளி வைத்த எழுத்தும் பெயரும் ஒரே பெட்டியில் இருந்தன. புதியதில் இரண்டு பெட்டிகள்: குடும்பப் பெயர், சொந்தப் பெயர். எனக்குக் குழப்பமே வரவில்லை. குடும்பத்திலிருந்து வருவது இனிஷியல்தானே? என் மின்னஞ்சல் கணக்கில்கூடக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரைத்தான் போட்டிருந்தேன். ஆகவே புள்ளி வரை உள்ளது குடும்பப் பெயர், மிச்சம் சொந்தப் பெயர் என்று எழுதினேன். பதிப்பகத்துக்காரர்களிடம் ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம்.

சோதிக்கிற மென்பொருள் ஒரு பிழையும் காட்டவில்லை. பெட்டி நிரம்பியிருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். மேற்பார்வையாளரும் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கும் அப்பாவின் எழுத்துதானே முன்னால் நின்றது! மத்தியானமே மாதிரியை அனுப்பிவிட்டு, டெலிபோன் லைன் புகாருக்காகத் தல்லாகுளம் ஆபீசுக்குக் கிளம்பிப் போனார்.

எதிர் சீட்டு அக்கா சௌராஷ்டிரக் குடும்பம். கட்டுரையாளர் பட்டியலைத் திறந்தவர் சிரிக்க ஆரம்பித்தார்.

“என்ன தம்பி, வெள்ளக்காரங்க குடும்பம் எல்லாம் ஒத்த எழுத்தா இருக்கு?”

“இனிஷியல்க்கா.”

“அது அவங்க சொந்தப் பேரு. குடும்பப் பேரு பின்னால வரும். எங்க ஆளுங்கள்லயும் குடும்பப் பேரு உண்டுப்பா. கல்யாணப் பேச்சுன்னா மொதல்ல அதத்தான் கேப்பாங்க. நீ இருநூறு கட்டுரைக்கும் தலையையும் வாலையும் மாத்தி வச்சிருக்க.”

பட்டியலை என் திரையில் திறந்து பார்த்தேன். “அண்ணன் வரட்டும்க்கா.”

“அவர் வாரதுக்குள்ள அங்க பாத்துருவாங்க. எழுது. இம்புட்டு வேல செஞ்சவனுக்கு அவங்களுக்கு ரெண்டு வரி எழுதவா பயம்?”

ஸ்டைல்ஷீட்டில் மாற்ற வேண்டியதும் இரண்டே வரிதான். இடம் மாற்றி ஓட்டினேன். அக்கா டீ வாங்கி வருவதற்குள் இருநூறும் சரியாகியிருந்தன. கடிதத்துக்குத்தான் ஒரு மணி நேரம். ‘பெயர்களைத் தவறாக வைத்துவிட்டேன். பழையதைப் பார்க்க வேண்டாம். இதைப் பாருங்கள்’ என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. மாதிரி சரி, மீதியையும் தொடங்கலாம், தவறை நீங்களே சொன்னதற்கு நன்றி. மேற்பார்வையாளர் என் நாற்காலியை அவரே உருட்டிக்கொண்டுபோய் ஸ்டைல்ஷீட் கணினி முன்னால் போட்டார். அப்புறம்தான் கடிதத்தின் முதல் வரியைப் பார்த்தேன். அன்புள்ள திருவாளர் என்று போட்டு, மின்னஞ்சல் கணக்கில் நான் குடும்பப் பெயராகக் கொடுத்திருந்த என் அப்பாவின் பெயர்.

வீட்டில் சொன்னேன். “எனக்கா? நான் என்னடா செஞ்சேன்?” என்றார் அப்பா. ஆனால் அன்றைக்கு இரண்டு தடவை கேட்டார், வேறு என்ன எழுதியிருந்தார்கள் என்று.

அவர்களிடம் அதைத் திருத்திச் சொல்ல எனக்குக் கூச்சம். அந்த சீட்டில் இருந்த நான்கு வருடமும் அப்பா பெயருக்கு வந்த கடிதங்களுக்குத்தான் பதில் எழுதினேன்.