மூன்று பேரின் பெயர்

ஊசிக்கணவாயின் உடம்பைப் பிளந்தால் உள்ளே நூல் மாதிரி வெள்ளையாக ஒரு நரம்பு கிடக்கும். மனித நரம்பைவிடப் பல மடங்கு தடிப்பு. அதில் இருக்கிற புரதங்களைத்தான் ஏழு வருடமாக ஆராய்கிறேன். கணவாய் உயிரோடு இருக்க வேண்டும். செத்துக் கொஞ்ச நேரத்திலேயே புரதம் சிதையத் தொடங்கிவிடும். அதனால் துறைமுகத்தடியில் மீன்பிடிகாரர் ஒருவர் கடல்தண்ணி வாளியில் விட்டுக் காலையில் எனக்குக் கொண்டு வருவார்.

“இதில ஒண்டு சோர்ந்திட்டுது, மிஸ். நரம்பு உங்களுக்குச் சரிவராது” என்பார். அவர் சொன்னது ஒருநாளும் பிழையானதில்லை. “இவ்வளவு காலமா வெட்டுறீங்கள், ஒருநாளெண்டாலும் கறி வைச்சனீங்களோ?” என்றும் கேட்பார். என் வேலையைப் பற்றி இந்த ஊரில் என்னோடு கதைக்கிற ஒரே ஆள் அவர்தான்.

ஆராய்ச்சிப் பணத்துக்கான விண்ணப்பத்தில் ஒரு பகுதி இருக்கிறது. இந்த வேலையை மதிப்பிடத் தெரிந்த, என்னோடு சேர்ந்து வேலை செய்யாத மூன்று பேரின் பெயர் தர வேண்டும். மூவரும் இந்த நாட்டில் இருக்க வேண்டும். போன முறை மீன் வளர்ப்புத் துறைக்காரர் மூன்று பேரைப் போட்டேன். கணவாய் வளர்ப்புக்கு இதனால் பயன் இல்லை என்று எழுதிப் பணம் கிடைக்காமல் செய்தார்கள். வளர்ப்பைப் பற்றி நான் எங்கே சொன்னேன்? வாசிக்கவே இல்லை. இந்த முறை மூன்று கோட்டிலும் “ஒருவரும் இல்லை” என்று எழுதினேன். உண்மை அதுதான்.

கொழும்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கோல் எடுத்தார்.

“ஆரையாவது போடுங்கோ மிஸ். இல்லாட்டிக் குழுவுக்கே போகாது.”

“தெரியாத ஆக்கள் பார்த்து என்ன பிரயோசனம்?”

“அப்ப திருப்பி அனுப்பவோ?”

“அனுப்புங்கோ.”

கோபத்தில் சொன்னது. அனுப்பிவிட்டார்கள்.

கையில் இருந்த இரசாயனங்கள் முடிந்த அன்று துறைமுகத்தடிக்குப் போய், இனிக் கொண்டுவர வேண்டாம் என்றேன். அவர் வாளியைப் பார்த்தார்.

“இது நல்ல கணவாய், மிஸ். கொண்டுபோய்க் கறியெண்டாலும் வையுங்கோ.”

வீட்டுக் குசினியில் வைத்துப் பிளந்தேன். கை பழக்கத்தில் நரம்பைத்தான் முதலில் தேடியது. அறாமல் முழுசாக எடுத்தேன். இந்த வருடம் எடுத்ததிலேயே நல்ல நரம்பு. கூப்பிட்டுக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. எடுத்து வைக்க ஐஸும் இல்லை. கறிச்சட்டிக்குள்ளேயே போட்டேன்.