தைப் பொங்கலுக்கு நாற்று நட்ட நாவல்

ஐம்பது வயது வரைக்கும் நான் ஒரு நாவலை முழுதாக வாசித்தவன் அல்ல. பேப்பர் பார்ப்பேன். உரப் பையில் அச்சிட்டிருப்பதை ஓர் எழுத்து விடாமல் படிப்பேன். கோயில் நோட்டீஸ் வந்தால் திருவிழா உபயகாரர்களின் பெயர்களைச் சரிபார்ப்பேன். அவ்வளவுதான். இன்றைக்கு இளையோர் நாவல்களைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயங்கள் இருக்கின்றன என்றால், அதற்குக் காரணம் என் இடது கால்.

மாசி மாதம், அறுவடை முடிந்த கையோடு, உழவு இயந்திரப் பெட்டியில் நின்று நெல் மூட்டை இறக்கும்போது சறுக்கி விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டு, ஆறு கிழமைக்குக் காலை நிலத்தில் ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தர்மபுரத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு சாய்வு கதிரையைப் போட்டு, காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்து, மனைவி என்னை அங்கே இருத்தினாள். மூன்று நாள் ஃபோனைப் பார்த்தேன். நாலாம் நாள் கழுத்தும் பிடித்துக்கொண்டது.

மகள் அப்போது சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். கிழமைக்கு ஒருமுறை சைக்கிளில் நூலகத்துக்குப் போய் நாலைந்து புத்தகம் கொண்டுவருவாள். அவற்றில் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அட்டையில் ஒரு பெடியன் சட்டியில் எதையோ கிண்டிக்கொண்டு நின்றான். சமையல் புத்தகம் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

சமையல் புத்தகம் அல்ல. தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட, பதினைந்து வயது மகன் தம்பிக்குச் சமைத்துக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பும் கதை. தாய் ஃபோனில் "என்ன கறி?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். அவன் ஒவ்வொரு நாளும் மீன், இறைச்சி, முட்டை என்று புளுகுவான். உண்மையில் பருப்புத்தான். அந்த இடத்தில் என் கண் நிறைந்துவிட்டது. மனைவி தேத்தண்ணியோடு வந்தவள் பதறிப்போனாள்.

"என்னப்பா, கால் நோகுதோ?"

"இல்லை. பெடியன் பருப்பைச் சமைச்சுப்போட்டு மீனெண்டு சொல்லுறான்."

அவள் குசினி அடுப்படிக்குள் போய்ச் சிரித்த சிரிப்பு பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும்.

அதன் பிறகு நான் நிறுத்தவில்லை. இரண்டாவதாக வாசித்தது கடலுக்குள் இருக்கும் ஒரு நகரத்தைப் பற்றியது. ஒரு பெண் பிள்ளை மூச்சுப் பிடிக்காமலே அங்கே போய் வருவாள். முதல் பத்துப் பக்கமும் "இதென்ன விசர்க் கதை" என்று திட்டிக்கொண்டே வாசித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, அந்த நகரத்தின் கதவைத் திறக்கும் இடத்தில் இருந்தேன். "பொறும், கதவு திறக்கட்டும்" என்றேன். மனைவி எங்கள் வாசல் படலையைத் திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாவது, சென்னை மாடி வீடுகளில் நடக்கும் காதல் கதை. எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெடியன் பக்கத்துக்குப் பக்கம் மன்னிப்புக் கேட்கிறான். என்ன பிழை செய்தான் என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. மகளிடம் கேட்டேன். "அவனுக்கும் விளங்கேல்லை அப்பா, அதுதான் கதை" என்றாள்.

இன்னொன்றும் கவனித்தேன். இந்த நாவல்களில் வரும் தகப்பன்மார் எல்லோரும் ஒன்றில் குடிப்பார்கள், இல்லையென்றால் கத்துவார்கள், அதுவும் இல்லையென்றால் கதை தொடங்கும் முன்னே செத்துப்போயிருப்பார்கள். மகளின் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுக்கிற ஒரு தகப்பனையாவது கண்டேனா? இல்லை. இதை நான் தினமும் சத்தமாகச் சொன்னேன். மகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்? சனிக்கிழமை வாசகர் வட்டத்திலை வந்து சொல்லுங்கோ" என்றாள். பகிடிக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, ஓம், வாறன் என்றுவிட்டேன்.

வாசகர் வட்டம் என்பது நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடுகிற பதினைந்து இருபது பிள்ளைகள். அந்த மாதம் பேச எடுத்திருந்தது ஒரு வன்னிக் கிராமத்துக் கதை. நன்றாகப் படிக்கக்கூடிய ஒரு பிள்ளையைப் பற்றியது. எல்லோருக்கும் பிடித்த புத்தகம் என்று மகள் சொன்னாள். எனக்கு அறுபதாம் பக்கத்தில் கோபம் வந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு முதல்நாள் பெண்கள் வரிசையாக நின்று பாடிப் பாடி நாற்று நடுகிறார்கள்! அந்த வரிசைக்குப் பக்கத்தில் நின்றுதான் கதாநாயகி அழுகிறாள்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டோவில் காலை நீட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகள் எழும்பிக் கதிரை தந்தார்கள். வளர்ந்த ஆட்கள் என்று மூன்று பேர்: நான், நூலகப் பொறுப்பாளர் அக்கா, பின் வரிசையில் ஒரு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு ரீச்சர். என் முறை வந்தபோது ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு ஆரம்பித்தேன்.

"நான் கமக்காரன். எனக்கு இலக்கியம் தெரியாது. ஆனா தைப் பொங்கலுக்கு நாற்று நட்டா எப்ப வெட்டுறது? எங்கடை பக்கம் ஐப்பசியிலை மழைக்கு முன்னம், காய்ஞ்ச மண்ணிலையே புழுதி விதைப்பு விதைச்சுப்போடுவம். தையிலை கதிர் தலை சாய்ஞ்சு நிக்கும். பொங்கலுக்குக் கொஞ்சம் புதுநெல்லு வெட்டுறதும் உண்டு. இதை எழுதினவர் வயலைப் படத்திலைதான் பாத்திருக்கிறார் போலை. அவர் ஒருக்கால் செருப்பைக் கழட்டிப்போட்டு வரம்பிலை நடந்து பாக்கவேணும்."

பிள்ளைகள் ஏனோ ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பின் வரிசை ரீச்சர்தான் கேட்டார்.

"அப்ப தையிலை வயலிலை வேறை என்னென்ன நடக்கும் ஐயா?"

நல்ல கேள்வி என்று சந்தோசப்பட்டு, மயில் வந்து கதிரைச் சிதைப்பதையும், யானைக்கு வெடி கொளுத்திக் காவல் இருப்பதையும், வெட்டு மெசினுக்கு ஆள் ஆளாய் அலைவதையும் விரிவாகச் சொன்னேன். அவர் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். முடிந்ததும் நூலக அக்கா மெதுவாகச் சொன்னார்:

"ஐயா, இந்தப் புத்தகத்தை எழுதினவா இவாதான். வவுனியாவிலையிருந்து பஸ்ஸிலை வந்தவா."

அட்டையில் இருந்த புனைபெயர் ஆண் பெயர். நான் எப்படிக் கண்டேன்? எழும்பி ஓடலாமென்றால் ஓடுவதற்கு இருந்தது ஒரு கால்தான். ரீச்சரின் முகமும் சிவந்திருந்தது. ஆனால் அவர் சிரித்துவிட்டார். "நான் வயலில்லாத ரவுணிலை பிறந்து வளர்ந்தனான் ஐயா. நாற்று நடுற காட்சி வடிவாயிருக்கும் எண்டு போட்டிட்டன்" என்றார். பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வியர்த்தபடி.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில், முன் வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை கை உயர்த்தினாள். மகளின் வகுப்புத் தோழி.

"மாமா, நாற்று பிழைதான். ஆனா அந்தப் பிள்ளை அதிலை நிண்டு ஏன் அழுதவ எண்டு நீங்கள் சொல்லேல்லையே?"

உண்மையைச் சொன்னால், அறுபதாம் பக்கத்துக்குப் பிறகு நான் நாற்றோடு சண்டை பிடித்துக்கொண்டுதான் வாசித்தேன். பிள்ளையைக் கவனிக்கவே இல்லை. "திருப்பி வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன் பிள்ளை" என்றேன்.

அடுத்த நாள் காலையில் முதலிலிருந்து வாசித்தேன். அந்தப் பிள்ளையின் தகப்பன் குடிகாரன் இல்லை. கத்துகிறவனும் இல்லை. நல்ல மனுசன். மகள் டொக்டராக வருவாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். அவளுக்கு என்ன விருப்பம் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவ்வளவுதான் அவன் செய்த பிழை. அதற்காகத்தான் அவள் அழுகிறாள்.

என் மகள் அடுத்து உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கப் போகிறாள் என்று நான் உரக்கடையில் சொல்லியிருந்தேன். கோயிலில் சொல்லியிருந்தேன். பிளாஸ்டர் போட்ட டொக்டரிடம்கூடச் சொல்லியிருந்தேன். அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன்.

"பிள்ளை, உயர்தரத்துக்கு நீ என்ன படிக்கப் போறாய்?"

"விஞ்ஞானம் எண்டுதானே சொன்னனீங்கள்."

"நான் சொன்னது இருக்கட்டும். உனக்கு?"

விளக்குமாற்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "கலைப்பிரிவு. தமிழும் புவியியலும்" என்றாள். அதைச் சொல்ல எவ்வளவு நாள் காத்திருந்தாள் என்று குரலிலேயே தெரிந்தது.

உடனே ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விஞ்ஞானம் படித்தால்தான் வேலை என்று நானும் கேட்டு வளர்ந்தவன். குசினிக்குள் நின்ற மனைவியைக் கூப்பிட்டேன். அவள் எட்டிப் பார்த்து, "எனக்கு ஒரு வருசமாத் தெரியும். உங்களுக்கு ஆர் சொல்லுறது? நீங்கள் சொல்லவெல்லோ விடோணும்" என்றாள். பத்து நாள் யோசித்தேன். கேட்ட கேள்விக்கு வந்த பதிலைப் பிடிக்கவில்லை என்று தள்ளிவிட்டால் கேட்டதில் என்ன பொருள்? பத்தாம் நாள் ஓம் என்றேன். அவள் துள்ளிக் குதிக்கவில்லை. எனக்கு ஒரு முட்டைக் கோப்பி அடித்துத் தந்தாள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் பறந்துவிட்டாள்.

அடுத்த வட்டத்தில் இரட்டைப் பின்னல் பிள்ளையிடம் என் பதிலைச் சொன்னேன். வீட்டில் நடந்ததைச் சொல்லவில்லை. ஆனால் மகள் அதற்கு முன்பே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள் என்பது அவர்கள் சிரித்த விதத்தில் தெரிந்தது.

ஐப்பசியில் என் கால் தேறி நான் வயலில் இறங்கியபோது, ரீச்சர் நான் சொன்னபடி உண்மையாகவே வயல் பார்க்க வந்தார். வரம்பில் செருப்பைக் கழற்றினார். ஒரு கை விதைநெல் கேட்டு வாங்கி வீசினார். அத்தனையும் ஒரே இடத்தில் விழுந்தது. "ரீச்சர், கோழிக்குப் போட்ட மாதிரியெல்லோ இருக்கு!" என்று மனைவி சொல்ல, அவர் வரம்பில் குந்தியிருந்து சிரித்தார். பிறகு மழை வரும் என்று எப்படிக் கணக்கிடுகிறோம், விதைத்த பிறகு மழை வராவிட்டால் என்ன செய்வோம் என்றெல்லாம் கேட்டார். மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். என்னைவிட மனைவியோடுதான் அதிகம் கதைத்தார். புத்தகம் மறுபடி அச்சாகும்போது அந்தப் பக்கத்தை மாற்றுவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பிழை இல்லாவிட்டால் நான் அவ்வளவு கோபத்தோடு கடைசிவரை வாசித்திருக்க மாட்டேன். அவர் கேட்கவில்லை. மாற்றத்தான் போகிறாராம்.

மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். நூலகத்தில் எனக்கும் ஓர் உறுப்பினர் அட்டை இருக்கிறது. போன கிழமை எடுத்தது ரயிலில் தொலைந்துபோகும் இரட்டைச் சகோதரிகளின் கதை. பாதி வந்துவிட்டேன். ஒருத்தி சரியான வாய்க்காரி, மற்றவள் ஊமைக் குசும்பு. எனக்கு வாய்க்காரியைத்தான் பிடிக்கிறது. மனைவி நான் வயலுக்குப் போன நேரம் பார்த்து எடுத்து வாசித்து என்னை முந்திவிட்டாள். மற்றவள்தான் நல்லவள் என்கிறாள். முடிவைச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.