அடுப்புக்கார அக்கா தட்டிய கதவு

அடுப்புக்கார அக்கா என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். கேஸ் அடுப்பு, கேஸில் ஓடும் வெந்நீர்க் கருவி எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பத்து வருஷம் ஒரு ரிப்பேர் கடையில் போன் எடுத்துப் புகார் குறித்துக்கொண்டிருந்தவள், மெக்கானிக்குகளைப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டாள். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று இழுத்தவர்கள் வீட்டு அடுப்பும் இப்போது அவள் தயவில்தான் எரிகிறது.

ஒரு நாள் காலை, மூன்றாம் மாடி வீட்டில் அடுப்பின் குமிழை மாற்றிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரி ஒரு டீச்சர். நெற்றியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.

"நாலு நாளா தலைவலிக்கா. அவருக்கும் அப்படித்தான். வெளியே போனா விட்டுடுது, வீட்டுக்குள்ள வந்தா பிடிச்சுக்குது."

அக்காவின் கை நின்றது.

"ரெண்டு பேருக்குமா? வெந்நீர்க் கருவி எங்கே இருக்கு?"

"பாத்ரூம்லதான். அவர் இப்போ குளிச்சிட்டிருக்கார்."

"அங்கே ஜன்னல்?"

"குளிருதுன்னு போன வாரம் அட்டை வச்சு அடைச்சுட்டார்."

அக்கா சட்டென எழுந்தாள். சிலிண்டரை மூடிவிட்டு ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள். தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும்தான் பதில்.

"கேஸ் வாசனையே வரலையேக்கா!"

"அடைச்ச ரூம்ல கேஸ் எரிஞ்சா வர்ற விஷவாயு இது, வாசனை கிடையாதும்மா. எல்லா ஜன்னலையும் திறங்க!"

ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, தோளால் ஓங்கி ஓர் இடி. தாழ்ப்பாள் தெறித்தது. மனிதர் சுவரோரம் சரிந்து கிடந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, அவர் கக்கத்தில் கைகொடுத்து வெளி வராந்தாவுக்கு இழுத்துவந்தாள். துண்டு ஒன்றை அவர்மேல் வீசிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வண்டி போனபிறகுதான் அவள் உட்கார்ந்தாள். அடுத்தடுத்து இரண்டு டம்ளர் டீ குடித்தாள்.

ரத்தத்தில் விஷவாயு ஏறியிருந்ததாம். ஆக்ஸிஜன் கொடுத்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"மொத்த மாடியும் பார்க்க வெறும் துண்டோட போட்டுட்டீங்களேக்கா, என் மானமே போச்சு!" என்றார் வீடு திரும்பிய டீச்சரின் கணவர்.

"மானத்தை மெதுவா தேடிக்கலாம் சார். முதல்ல அந்த அட்டையைக் கிழிங்க."

அதோடு விடவில்லை அவள். அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கதவையும் தட்டினாள். இன்னும் நாலு வீட்டில் கருவி குளியலறைக்குள்ளேயே இருந்தது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மட்டும் முறுக்கிக்கொண்டார்.

"இருபது வருஷமா எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

"நல்லது சார். இனிமேலும் ஆகக் கூடாது. நகருங்க, ஏணி உள்ளே வரணும்."

அவர் நகர்ந்தார். மறுநாள் மாலைக்குள் டீச்சர் வீட்டுக் கருவியோடு சேர்த்து ஐந்தும் வெளிச்சுவருக்கு வந்துவிட்டன.